சப்நாட்டிகாவும் அதன் வழிநூலும்

கணினி விளையாட்டு இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாமோ என்று ஐயுறுவார் இன்னும் உளர். அவ்வையத்தை விரித்து விடுத்தல் ஈண்டு எம் நோக்கமன்று. களமும் காலமும் மாந்தரும் மெய்ப்பாடும் ஒருங்கே அமைந்து, நுகர்வோன் உள்ளத்தில் அச்சமோ அவலமோ பிறப்பிக்கும் ஒன்றனைத் திறனாய்வோன் புறக்கணித்தற்குக் காரணம் இல்லை என்னும் அளவோடு அமைந்து மேற்செல்வாம்.

யாம் ஆராயப் புகுந்த படைப்புகள் இரண்டு. ஒன்று, அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரத்து அன்னோன் வேர்ல்ட்ஸ் என்னும் நிறுவனத்தார் ஆக்கிய சப்நாட்டிகா. மற்றொன்று, அவரே பின்னர் ஆக்கிய சப்நாட்டிகா: பிலோ ஜீரோ. முன்னையது முற்றுப்பெறாத நிலையிலேயே 2014 டிசம்பரில் ஆடுவோர்க்கு வழங்கப்பெற்று, 2018 சனவரியில் முழுமை எய்தியது. பின்னையதும் அவ்வாறே 2019 சனவரியில் வெளிப்பட்டு, 2021 மே திங்களில் நிறைவுற்றது. இது தொடக்கத்தில் முன்னதற்கு ஓர் இணைப்பாகவே எண்ணப்பெற்றுப் பின்னர்த் தனிப்படைப்பாக வளர்ந்தது. இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

இரண்டாவது முதலாவதன் பெருமையை எய்திற்றா என்பதே வினா. ஆடுவோர் பலரும் இல்லை என்பர். ஏன் இல்லை என்று வினவின், களம் சிறிது, கதை குறுகியது, அச்சம் போதாது என்பர். முடிவு ஒருவாறு பொருந்துவதே. காரணம் பொருந்தாது என்பது எம் கருத்து. காரணம் பிழைத்தவழி முடிவும் தற்செயலாய்ப் பொருந்தியதாகுமே யன்றி ஆராய்ச்சியாகாது.

வழிநூலைப் பற்றி நம் இலக்கணிகள் கூறியன இவ்விடத்துத் துணைசெய்யும். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூல் நால்வகைப்படும் என்பது தொல்காப்பியனார் கொள்கை. முன்னோன் முடிபைத் தழுவிக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாட்டையும் உடன்கூறுவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. இவை இலக்கண நூற்குக் கூறியவையே; கதைக்குக் கூறியவை அல்ல. எனினும் ஓர் உண்மையை இவற்றினின்றும் பெறலாம். முதல்நூலையே மீண்டும் செய்து காட்டுமாறு வழிநூலை எவரும் கேட்டிலர். எதனைத் தழுவிற்று, எதனை வேறுபடுத்திற்று, வேறுபடுத்தியது தன் காலில் நின்றதா என்பவையே கேட்கத்தக்கவை.

முதற்படைப்பை முதலில் நோக்குவாம். 4546பி என்னும் எண்ணால் வழங்கும் கடற்கோளில் அரோரா என்னும் பெருங்கலம் வீழ்கின்றது. உயிர்காப்புப் பேழை ஒன்றனுள் ரைலி ராபின்சன் என்பான் கண்விழிக்கின்றான். பேழையுள் தீ. தீயை அவித்து மேலேறி நோக்குகின்றான், நாற்புறமும் நீர், தொலைவில் கலம் எரிந்துகொண்டிருக்கின்றது. அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இறுதிவரையும் பேசுவதில்லை. கையிலுள்ள கருவி மட்டும் உணர்ச்சியற்ற குரலில், ஓரோவழி எள்ளல் தோன்ற, செய்தி கூறும். நிலப்படம் இல்லை. திசைகாட்டியும் ஆழங்காட்டியும் அடையாள மிதவைகளுமே துணை.

தொடக்கத்தில் அவன் மூச்சுக்கு அளவு 45 நொடி. இவ்வொரு சிறு கணக்கின்மேல் முழுப் படைப்பும் நிற்கின்றது என்று யாம் துணிந்து கூறுவோம். 45 நொடி என்பது கீழே செல்லுதற்குரிய காலம் அன்று. சென்று மீளுதற்குரிய காலம். எனவே பாதி கழிந்தவுடன் திரும்புதல் வேண்டும். அப்பாதியின் எல்லையிலேதான் ஒரு தாதுக்கல் ஒளிரும். ஒரு குகைவாயில் தோன்றும். ஆசை கீழே ஈர்க்க, மூச்சு மேலே ஈர்க்கின்றது. புதிய கலன் செய்து மூச்சை 75 நொடியாக்கின், அந்தப் பாதி இன்னும் ஆழத்திற்குப் போய்விடுகின்றது. இடர் நீங்குவதில்லை, இடம் பெயர்கின்றது. 100 மீட்டருக்குக் கீழே தக்க முகக்கருவி இன்றிச் செல்வோர்க்கு மூச்சு விரைந்து செலவாகும் என்னும் விதியும் உண்டு. சீமோத் என்னும் சிறுகலம் கிடைத்தபோது ஆடுவோன் அடையும் பெருமகிழ்ச்சி 200 மீட்டரில் முடிந்துவிடும். அதற்குக் கீழ் நீரின் அழுத்தம் கலத்தை நொறுக்கும். 300, 500, 900 எனக் கலத்தின் எல்லை படிப்படியாக உயருந்தோறும், உயர்ந்த எல்லையின் அடியிலும் இருளே காணப்படுகின்றது. கதையின் உள்ளிடமோ 1300 மீட்டருக்கும் கீழே, உருகிய பாறைக் குழம்பின் நடுவே உள்ளது. இப்படைப்பில் ஆழம் என்பது களம் மட்டும் அன்று. கதையின் வரிசைமுறையும் அதுவே. இயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாராமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன எனலாம்.

நம் நெய்தற் பாட்டுகளில் கடல் பெரும்பாலும் கரையினின்று நோக்கப்படுவது. பரதவர் சென்றிருப்பர், பாட்டோ கானலிலும் புன்னை நிழலிலும் நிற்கும். நீரின் உள்ளே நின்று நோக்கிய கடல் நமக்குப் புதிது. அதனாலேயே எம்போல்வார்க்கு இப்படைப்பு வியப்புத் தந்தது போலும்.

அச்சம் இங்குப் பிறக்கும் முறையும் கருதத்தக்கது. ரீப்பர் லெவியாதன் என்னும் பேருயிரி கண்ணுக்குப் புலனாவதன் முன்னரே அதன் முழக்கம் செவிக்கு எட்டுகின்றது. அம்முழக்கம் எதிரொலியால் இரையைத் தேடும் கருவி எனவும், அதனைக் கேட்கும் தொலைவில் இருப்பவனை அது கண்டுகொள்ளும் எனவும் ஏட்டுக் குறிப்பு அறிவிக்கின்றது. குறிப்பைப் படித்த பின்னர்க் கேட்கும் முழக்கம் முன்னர்க் கேட்டதினும் கொடியதாகின்றது. அறிவு அச்சத்தை மாற்றும் என்பர். இங்கு அறிவே அச்சத்தை வளர்க்கின்றது.

ஆடுவோன் கையில் துப்பாக்கி இல்லை. கத்தி உண்டு, அது பெருவிலங்கின்முன் பயன்படாது. தலைமை வடிவமைப்பாளர் சார்லி கிளீவ்லாந்து, 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நிகழ்ந்த படுகொலையே தம்மை இம்முடிவிற்கு உந்தியது எனக் கூறியுள்ளார். அதுகாறும் அந்நிறுவனம் பெயர் பெற்றது சுடுபடைப் போர் விளையாட்டுகளால் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். அறநோக்கத்தால் எழுந்த ஒரு விலக்கு, கலைக்கும் ஆக்கமாயிற்று. கொல்ல இயலாதவன் கூர்ந்து நோக்கக் கற்கின்றான். விலங்கின் பழக்கம், அதன் வரவு, அது திரும்பும் இடம் எல்லாம் அவன் அறிவாகின்றன.

சன்பீம் என்னும் மீட்புக்கலம் வரும் பகுதியைக் குறிப்பிடாமல் முதற்படைப்பைக் கடந்து செல்ல இயலாது. வானொலிவழி நம்பிக்கைச் சொல் வருகின்றது, நாழிகை எண்ணப்படுகின்றது, ஆடுவோன் குறித்த தீவிற்கு விரைகின்றான். கலம் வானத்தே தோன்றுகின்றது. தீவிலுள்ள அயலோர் படைக்கலம் தானே திரும்பி அதனைச் சுட்டு வீழ்த்துகின்றது. காராப் பாக்டீரியம் என்னும் நோய் இக்கோளைவிட்டு வெளியேறாதவாறு பண்டையோர் வைத்த காவல் அது. ரைலி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுதற்கு ஒன்றும் இல்லை. வானத்துப் புகை கலைந்த பின்னர் மீண்டும் நீருக்குள் இறங்குவதே அவனாற் செய்யக்கூடியது. ஆழத்தின் அடியில் சிறைப்பட்டுக் கிடக்கும் கடற்பேரரசி என்னும் தாய்விலங்கு அவன் உள்ளத்தோடு சில சொற்களே பேசுகின்றது. நெடுநேரம் மனிதக்குரல் வெறும் பதிவேடுகளில் மட்டுமே கேட்டுவந்த செவிக்கு அச்சொற்கள் பெரும்பேறாய்த் தோன்றுகின்றன. சொற்சுருக்கத்தின் விளைவு அது.

இனிப் பிலோ ஜீரோ. அதே கோளின் பனிசூழ் வடபாலோ தென்பாலோ என்று ஆராய வேண்டுவதின்று. உறைபனிப் பகுதி என்பதே போதும். ராபின் அயூ என்னும் பெண் தானே விரும்பி அங்கு வருகின்றாள். அவள் தமக்கை சாம், ஆல்டெர்ரா நிறுவனத்தின் பணியாளராய் இருந்து அங்கு இறந்தவள். நிறுவனம் கூறிய காரணத்தை ராபின் நம்பவில்லை. முதற்படைப்பின் தலைவன் வீழ்ந்தவன், இவள் வந்தவள். அவன் வேண்டியது வெளியேற்றம். இவள் வேண்டுவது உண்மை. இவ்வேறுபாடு சிறிதன்று. வழிநூலாசிரியர் தம் வேறுபாட்டை நல்ல இடத்திலேயே தொடங்கினர் என்று ஒப்புதல் வேண்டும்.

களத்தைப் பற்றிய குறைகளை விரைந்து கூறிவிடலாம். களம் சிறிது என்பது உண்மை. ஆழமும் ஏறத்தாழ 1000 மீட்டர் அளவில் அமைகின்றது. எனினும் முறுக்குண்ட பாறைப் பாலங்களின் இடையே இறங்கும் வழியும், பேரிலைகள் மிதக்கும் பகுதியும், பளிங்குக் குகைகளும் முதற்படைப்பின் எழிலுக்கு எட்டுணையும் குறைந்தவை அல்ல. சிறுமை குற்றமன்று. உண்மையான குற்றம் நிலத்தில் உள்ளது. கதையின் கணிசமான பகுதி பனிநிலத்தின்மேல் நிகழ்கின்றது. நீருள் ஆடுவோனுக்கு ஆறு திசை, நிலத்தில் நான்கே. மேலும் கீழும் என்பவை மறைந்தவுடன், மூச்சின் பாதிக்கணக்கும் மறைகின்றது. அதனை ஈடுசெய்யக் குளிரின் அளவை வைத்தனர். குளிர் உடலை வருத்துமே யன்றி ஆடுவோனை இருவேறாக ஈர்ப்பதில்லை; வெப்பம் தேடிக் குகையுள் புகுந்தால் தீர்ந்தது. வெண்மை ஒன்றே எங்கும் பரந்துள்ள பள்ளத்தாக்குகளில் வழிதவறியபோது எமக்கு அச்சம் தோன்றவில்லை, சலிப்பே தோன்றியது. பனிப்புழு லெவியாதன் நிலத்தைப் பிளந்து எழுவது முதன்முறை திடுக்கிடச் செய்யும். மும்முறைக்குப் பின் இடையூறு ஆகிவிடும்.

ஊர்தியிலும் இவ்வாறே. முன்னைய சைக்ளாப்ஸ் ஓர் இயங்கும் இல்லம். அதனுள் பேழைகள் அடுக்கலாம், செடி வளர்க்கலாம், விளக்கணைத்து ஓசையடக்கிப் பேருயிரியின் அருகே நழுவிச் செல்லலாம். செலுத்துதற்கு அரிது, ஆகவே அன்பிற்குரியதாயிற்று. பின்னைய சீட்ரக் பெட்டிகள் பூட்டிய வண்டி. பெட்டி மிகுந்தோறும் விரைவு குறையும் என்பது நல்ல விதி. கையாளுதற்கு எளிது, பயனும் மிகுதி. எளிமை இங்கு நயமாகவில்லை என்பது வியப்பே.

பேச்சைப் பற்றி எம் கருத்து ஒருமுறை மாறியது. அதனை மறைக்காமல் கூறுதல் முறை. முதன்முறை ஆடியபோது, ராபின் பேசுவதே குற்றம் எனக் கொண்டோம். ஆடுவோன் தானே உணர வேண்டியதைத் தலைவி எடுத்துரைத்தல் உரையாசிரியர் செயலாகின்றது. பாட்டே உரை கூறத் தொடங்கினால் படிப்போனுக்கு வேலை யாது என்று எண்ணினோம். இரண்டாம் முறை ஆடியபோது அக்கருத்து நிலைக்கவில்லை. காரணம் அல்-ஆன்.

அல்-ஆன் என்பான் இக்கோளில் பண்டு வாழ்ந்த அயலோர் குலத்தில் எஞ்சிய ஒருவன். உடல் இல்லை, அறிவு மட்டும் ஒரு கருவியுள் தேங்கிக் கிடந்தது. ராபின் அவ்விடத்தை அடைந்தபோது அது அவள் மூளையுள் குடிபுகுகின்றது. (இவனை உயர்திணையாற் சுட்டுவதா அஃறிணையாற் சுட்டுவதா என்பது இலக்கணத்தார்க்கு ஒரு நல்வினா. யாம் உயர்திணையே கொண்டோம்.) ஓருடல் ஈருயிர் என்பதை நம் புலவர் காதலுக்குச் சொல்வர், இங்கு அது வழக்கு. ஒருவர் நினைவை மற்றவர் மறைக்க இயலாத நிலையில் இருவரும் வழக்காடுகின்றனர். அவன் குலத்தார் அனைவரும் ஒருவர் எண்ணம் ஒருவர்க்குத் தெரியுமாறு பிணைந்து வாழ்ந்தவர். அப்பிணைப்பு அறுந்து தனித்தவன் அவன். அவள் தமக்கையை இழந்து தனித்தவள். நோய் பரவியதில் தனக்குரிய பங்கினை அவன் ஒப்புக்கொள்ளும் இடம் இப்படைப்பின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. மௌனத்தைக் கொண்டு இதனைச் செய்திருக்க இயலாது. முதற்படைப்பில் தனிமை ஒருவனது நிலை. இங்குத் தனிமை இருவர் பேசிக்கொள்ளும் பொருள். ஆகவே பேச்சு குற்றம் என்பார் வழிநூலின் வேறுபாட்டையே குற்றம் என்பாராவர்.

அங்ஙனமாயின் குறை யாண்டையது? கதை இரண்டாய் நிற்பதில் உள்ளது. ஒன்று சாமின் கதை. மற்றொன்று அல்-ஆனின் கதை. சாம் ஏன் இறந்தாள் என்பதைப் பதிவேடுகளால் அறிகின்றோம். பனியில் உறைந்து கிடக்கும் ஒரு லெவியாதனின் உடலினின்றும் ஆல்டெர்ரா காரா நோயை மீட்டெடுத்து ஆராய்ந்தது. அதனைத் தடுக்க முயன்று அவள் மாய்ந்தாள். அவள் செய்த மருந்தை அவ்வுடலுள் செலுத்தி அவள் பணியை ராபின் முடிக்கலாம். முடிக்கலாம் என்றோம், முடித்தே தீரவேண்டும் என்பதில்லை. அதனைச் செய்யாமலே அல்-ஆனுக்குரிய உடற்பகுதிகள் மூன்றனைத் தேடி உடல் சமைத்து, கதையின் இறுதியை அடைந்துவிடலாம். தமக்கையின் இறப்பிற்காகவே கடல்கடந்து, வான்கடந்து வந்தவள், அத்துயரைத் தீர்க்காமலே வேற்றுலகிற்குச் செல்ல இயலும் என்றால், அத்துயர் கதைக்கு உயிரா, அணியா? யாம் கருதும் பெருங்குறை இதுவே. முதற்படைப்பில் நோய்தீர்தலும் விடுதலையும் ஒரே செயலின் இருபுறங்கள். நோய் தீராமல் காவற்படைக்கலம் அடங்காது, அது அடங்காமல் விண்கலம் எழாது. அங்கு ஒரு கயிற்றில் மூன்று முடிச்சு. இங்கு இரு கயிறுகள் அருகருகே கிடக்கின்றன.

இக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதற்குப் பாடவேறுபாடு விடை தருகின்றது. 2019இல் வெளிவந்த முற்றுப்பெறா வடிவத்தில் சாம் இறக்கவில்லை. அவள் கோளின்மேல் வெஸ்பர் என்னும் விண்ணிலையத்தில் இருந்துகொண்டு, கீழே ஆய்வு செய்யும் ராபினொடு குரல்வழி உரையாடுவாள். ராபினும் அங்கு ஒளிந்து வந்தவள் அல்லள். பின்னர்க் கதை முற்றிலும் மாற்றி எழுதப்பெற்றது. தமக்கை இறந்தவள் ஆயினாள். தங்கை அவள் மறைவை ஆராய வந்தவள் ஆயினாள். சுவடிகளை ஒப்புநோக்கிப் பயின்றோர்க்கு இதன் விளைவு எளிதிற் புலனாகும். உயிரோடிருந்து பேசியவளின் இடம் வெறுமையாயிற்று. அவ்வெறுமையைப் பதிவேடுகள் நிரப்பின. அல்-ஆனின் கதையோ பழைய வடிவத்தினின்றும் தொடர்ந்து வருவது. புதிதாய்ச் செருகிய அவலம் பழைய எலும்பொடு ஒட்டாமல் நிற்பதற்கு இதுவே காரணம் எனக் கொள்கின்றோம். துயரம் மாற்றப்பட்டது; முடிவு அதற்கேற்ப மாற்றப்படவில்லை. இணைப்பாகத் தொடங்கித் தனிப்படைப்பாக வளர்ந்தமையும் இத்தையலை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது.

மார்கரிட் மைடா என்பாளைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். முதற்படைப்பில் அவள் குரல் மட்டுமே. ஆடுவோனுக்கு முன்னரே அக்கோளில் வீழ்ந்த மூவருள் ஒருத்தி. அவர்கள் கட்டி, கைவிட்ட உறைவிடங்களில் கிடைக்கும் பதிவுகளால் அவளை அறிகின்றோம். பேருயிரியை எதிர்த்து நின்றவள், மாண்டவள் என்றே எண்ணினோம். சிதைந்த சுவரும் நீர்புகுந்த அறையும் அக்குரலுக்கு உரை வகுத்தன. வழிநூலில் அவள் உயிரோடு எதிரே நிற்கின்றாள்; வீடும் செடிவளர் கூடமும் உடையவளாய், கடுமொழி பேசுபவளாய். நடிப்பில் குறையில்லை. ஆனால் முன்னர் யாம் கேட்ட குரலின் உருவம் இதனினும் பெரிதாயிருந்தது. இதனைத் தழுவல் எனக் கொள்வாரும் உளர். முதல்நூலுக்குப் பட்ட கடனை மிகையாகச் செலுத்தியது எனவே யாம் கொள்வோம். தன் வேறுபாட்டில் நம்பிக்கையுள்ள வழிநூல் இத்தகைய அறிமுகச் சீட்டை வேண்டாது.

ஒரு மறுப்பினை எதிர்நோக்குதல் தகும். அறியாக் கடலில் முதன்முறை இறங்கும் உணர்வு ஒருமுறையே கிட்டும். ஆதலின் எந்த வழிநூலும் தோற்கவே செய்யும், பிலோ ஜீரோவைப் பழித்தல் முறையன்று என்பர். இதன்கண் பாதி உண்மை உளது. காற்றுக்கலனும் தாதுக்கல்லும் உறைவிடங் கட்டும் கருவியும் கைப்பழக்கம் ஆகிவிட்ட ஒருவன் மீண்டும் அறியாதவன் ஆதல் அரிது. ஆயின் வழிநூலார் அறியாமையை நம்பியிருக்க வேண்டியதில்லை. அவர் கையில் துயரம் இருந்தது. முதற்படைப்பில் அது இல்லை. ரைலிக்கு இறந்தோர் எவர் என்றும் அறியோம். ராபினுக்கு இறந்தவள் பெயர், குரல், கையெழுத்து எல்லாம் உண்டு. துயரத்தோடு கடலுள் இறங்குவோனுக்குப் பழகிய கடலும் புதிதாகும். அவ்வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, அதன்வழி முழுதும் செல்லாமல் நின்றமையே எமக்கு மனக்குறை.

இறுதிக் காட்சிகளை ஒப்புநோக்கின் இது மேலும் விளங்கும். ரைலி தானே சமைத்த விண்கலத்தில் ஏறித் தப்புகின்றான். வழியிலேயே, அக்கோளில் அவன் எடுத்துப் பயன்படுத்திய பொருள்களுக்காக ஆல்டெர்ரா நிறுவனத்திற்கு ஒரு இலட்சம் கோடி நாணயம் கடன்பட்டவன் என்றும், அதனைத் தீர்க்கும்வரை தரையிறங்க இசைவில்லை என்றும் அறிவிக்கப்படுகின்றான். நகையே, ஆயினும் அவன் எடுத்த ஒவ்வொரு கல்லையும் ஆடுவோன் நினைந்து பார்க்கச் செய்யும் நகை. ராபினோ அல்-ஆனுக்கு உடல் தந்து, அவனோடு அவன் முன்னோர் உலகிற்கு வாயில் கடக்கின்றாள். அழகிய காட்சி. அவ்வுலகின் பெருந்தோற்றம் கண்ணை நிறைக்கின்றது. அவள் முதலில் எதற்காக வந்தாளோ அது அக்காட்சியில் இடம்பெற்றிலது.

2019ஆம் ஆண்டு வடிவத்தை ஆடியோர் பதிவு செய்துவைத்த காட்சிகள் இன்றும் கிடைக்கின்றன. இப்பொருளை மேற்கொண்டு ஆராய விழையும் மாணவர் அவற்றை முடிந்த வடிவத்தோடு வரிசையாக ஒப்புநோக்குவாராயின், அல்-ஆன் உரைகளுள் எவை பழையன, எவை சாமின் இறப்பிற்குப் பின் எழுதப்பெற்றன என்று பிரித்தறிதல் கூடும். அவ்வட்டவணை ஒன்று வேண்டப்படுகின்றது. யாம் அதனைச் செய்திலம்.